கரை வேட்டியும் மஞ்சள் ஜெர்சியும்

உலகக் கோப்பை நடக்கும் மாதத்தில் வியாசர்பாடிப் பக்கம் போனால் தெருவுக்கு ஒரு நாடு இருக்கும். ஒரு சந்து முழுக்க பிரேசிலின் மஞ்சள், அடுத்த சந்தில் அர்ஜென்டினாவின் வெள்ளையும் நீலமும். நடுத்தெருவில் திரை கட்டி, விடிய விடிய மேட்ச் பார்த்துவிட்டு, காலையில் அப்படியே வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அதே தெருவில் இன்னொரு பக்கம் பார்த்தால் கட்சிக்கு ‘ரிசர்வ்’ செய்த சுவர். வெள்ளையடித்து, ஓரத்தில் வருடத்தைக் குறித்து, மற்றவர் தொடாதபடி வளைத்துப் போட்டது. சுண்ணாம்பு உரிந்த இடத்தில் போன தேர்தலின் சின்னம் எட்டிப் பார்க்கும், அதற்கும் அடியில் அதற்கு முந்தியது. இந்த இரண்டு காட்சிகளையும் சேர்த்துப் பார்க்கும்போது நாம் எதையோ இடம் மாற்றி வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. விளையாட்டில் சொந்த அணியைக் கைவிட்டு, ஜெயிக்கிற அணியாகப் பார்த்துச் சேர்ந்துகொள்கிறோம். அரசியலில், செய்தாலும் செய்யாவிட்டாலும் அப்பா காலத்துக் கட்சியை விடுவதில்லை. கணக்குப் பார்க்க வேண்டிய இடத்தில் பாசம், பாசம் காட்ட வேண்டிய இடத்தில் கணக்கு. (பிரேசில் 2002க்குப் பிறகு கோப்பையைத் தொடவில்லை, அதனால் இதுவும் பாசம்தான் என்று அந்தச் சந்துக்காரர்கள் சண்டைக்கு வரலாம். ஆனால் ரியோவில் இருக்கும் அணி நம்மிடம் எதையும் கேட்கப்போவதில்லை, நாமும் அதைக் கேட்க முடியாது. செலவில்லாத பாசம்.)

இந்தியக் கால்பந்து அணியைக் கைவிட்டதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1951இல் டெல்லியிலும் 1962இல் ஜகார்த்தாவிலும் ஆசியப் போட்டித் தங்கம் வாங்கிய அணி அது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். 1960இல் ரோமில் பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டுக்காரர் சைமன் சுந்தர்ராஜ் போட்ட கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோல். அறுபது வருடத்துக்கு மேலாகிறது, அந்தக் கணக்கில் இன்னொன்று சேரவில்லை. 2025 அக்டோபரில் கோவாவில், சொந்த மண்ணில், சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழியை அடைத்துக்கொண்டது. அடுத்த மாதம் டாக்காவில் வங்கதேசத்திடமும் தோல்வி. வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் போல ஒருவர் இந்தியாவுக்கு ஆடப் போவது இப்போதும் நடக்கிறது என்றால், அது அந்தத் தெருக்களின் பிடிவாதம். கால்பந்துச் சம்மேளனத்துக்கு அதில் அதிகப் பங்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை.

அந்தச் சம்மேளனத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் அரசியல் சின்ன அளவில் அங்கே அப்படியே இருக்கிறது. பிரியரஞ்சன் தாஸ்முன்ஷி, அவருக்குப் பின் பிரஃபுல் படேல் என்று முப்பது வருடத்துக்கு மேல் கட்சிக்காரர்களே தலைவர்கள். படேலின் பதவிக்காலம் 2020இலேயே முடிந்தும் தேர்தல் நடக்கவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரை இறக்கி நிர்வாகக் குழுவை உட்கார வைத்தது. ஆகஸ்டில் ஃபிஃபா வெளியார் தலையீடு என்று சொல்லி இந்தியாவையே தடை செய்தது. பத்து, பதினோரு நாளில் தடை நீங்கி, செப்டம்பர் 2ஆம் தேதி தேர்தல் நடந்தது. ஒரு பக்கம் பாய்ச்சுங் பூட்டியா, இந்தியக் கால்பந்தில் தெருவில் போகிறவருக்கும் தெரிந்த பெயர். மறுபக்கம் முன்னாள் கோல்கீப்பரும் பா.ஜ.க.காரருமான கல்யாண் சௌபே. முடிவு 33-1. ஓட்டுப் போட்டவை மாநிலச் சங்கங்கள். மேட்ச் பார்க்கிறவனுக்கும் ஆடுகிற பையனுக்கும் அந்தப் பெட்டியில் ஓட்டே கிடையாது. 2025 டிசம்பர் 13ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் மைதானத்துக்கு மெஸ்ஸி வந்தபோது நடந்தது அதன் அடுத்த காட்சி. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டிக்கெட் வாங்கியவர்கள் கேலரியில் உட்கார்ந்திருக்க, மெஸ்ஸியைச் சுற்றி அரசியல்வாதிகளும் முக்கியஸ்தர்களும் வேலிபோல நின்றார்கள். அவர் சீக்கிரமே கிளம்பிப் போனார். பிறகு நாற்காலிகள் பறந்தன. நாற்காலி வீசியதை நியாயப்படுத்த மாட்டேன். ஆனால் காசு கொடுத்தவன் கண்ணுக்கு ஆட்டக்காரன் தெரியாமல் கரை வேட்டிகள் மட்டுமே தெரிவது வடசென்னைக்காரனுக்குப் புதிதில்லை.

ஏனென்றால் இங்கேயும் அந்த வேலி உண்டு. 2017 ஜனவரி 28ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டபோது கரையில் ஒதுங்கிய எண்ணெய்ப் படலத்தை ஆட்கள் வாளியால் அள்ளினார்கள். துறைமுகம், மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையங்கள், உர ஆலை எல்லாம் கூடி நிற்கிற கரை அது. அங்கே கடலில் கொட்டிய எண்ணெய்க்கு இருந்த கருவி பிளாஸ்டிக் பக்கெட். ஏறக்குறைய ஏழு வருடம் கழித்து, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் கழிமுகத்தில் இறங்கியது. படகுகளின் விலாவில் கருப்புக் கோடு, அலையாத்திச் செடிகளின் இடுப்பளவுக்குத் தார் பூசியது போல ஒரு பட்டை. அந்தக் கறை போவதற்குள், டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். எண்ணெய்க் கசிவுக்காக மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 என்று அரசு நிவாரணம் அறிவித்தது. இரண்டு எண்ணெய் விபத்துகளுக்கு நடுவே கோட்டையில் ஆட்சி மாறியிருந்தது, வாளி மட்டும் மாறவில்லை. விரக்தி வர இது போதாதா?

வரலாம். எனக்கும் வந்திருக்கிறது. ஆனால் அந்த விரக்தி என்ன சரக்கு என்று பார்க்க வேண்டும். ‘எவன் வந்தாலும் ஒண்ணுதான்’ என்று சொல்பவரை உற்றுக் கவனித்தால், ஒரு காலத்தில் ‘இவர் வந்தால் எல்லாம் மாறிவிடும்’ என்று நம்பியவராக இருப்பார். அந்த நம்பிக்கை இல்லாமல் இந்த விரக்தி பிறப்பதில்லை. வீட்டு வேலைக்குக் கொத்தனாரை வைப்பவர் சுவர் கோணலாக இருந்தால் கூலியைப் பிடிப்பார், ஆளை மாற்றுவார். மனமுடைந்து உட்கார மாட்டார். மனமுடைவது ரசிகர்தான். ஆக விரக்தி என்பது ரசிகத்தனத்துக்கு எதிரி இல்லை, அதன் கடைசிக் கட்டம். காதல் தோல்வி என்று வேண்டுமானால் சொல்லலாம்.

அப்படியானால் கொத்தனார் கணக்குதான் சரியா, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு ஓட்டைப் போட வேண்டியதுதானா என்று கேட்பார்கள். அந்தக் கணக்கையும் நம் பக்கத்துத் தொகுதி போட்டுப் பார்த்துவிட்டது. ஜெயலலிதா மறைவுக்குப் பிறகு 2017 ஏப்ரலில் நடக்க இருந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலைப் பண விநியோகத்தைக் காரணம் காட்டித் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. டிசம்பரில் மறுபடி நடந்தபோது குக்கர் சின்னத்தில் சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரன் 40,707 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார், ஆளுங்கட்சி தோற்றது, தி.மு.க. டெபாசிட் இழந்தது. இருபது ரூபாய் நோட்டை டோக்கனாகக் கொடுத்தார்கள் என்ற புகார் அப்போது ஊரெங்கும் பேச்சு. சம்பந்தப்பட்ட தரப்பு மறுத்தது. உண்மை எதுவானாலும், தொண்டையார்பேட்டையும் கொருக்குப்பேட்டையும் விலைபோய்விட்டன என்று தென்சென்னை நாற்காலிகளிலிருந்து வந்த ஏளனம் எனக்கு ஒப்பவில்லை. ஐந்து வருடத்தில் அரசாங்கத்திடமிருந்து கைக்கு நிச்சயமாக வருவது அந்த ஒரு நாள் பணம்தான் என்று ஒரு குடும்பம் நினைத்தால், அந்த நினைப்பை உண்டாக்கியவர்களைக் கேட்க வேண்டும். ஆனாலும் வியாபாரமாகவே பார்த்தாலும் இது நஷ்டக் கணக்கு. கொத்தனாருக்கு யாரும் முன்பணத்திலேயே முழுக்கூலி கொடுப்பதில்லை. ஓட்டு அன்று கணக்குத் தீர்ந்துவிட்டால், மறுநாள் காலையில் கால்வாயைப் பற்றிக் கேட்க நமக்கு என்ன பாக்கி இருக்கிறது?

சரி, யாருமே வேண்டாம் என்று நோட்டாவை அழுத்தலாமே? அதே இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373 ஓட்டு, மத்தியில் ஆண்ட பா.ஜ.க.வுக்கு 1,417. சிரிக்கலாம், மீம் போடலாம். அதற்கு மேல் ஒன்றும் ஆகாது. நோட்டா முதலிடம் வந்தாலும் அடுத்து நிற்பவர்தான் சட்டமன்றத்துக்குப் போவார். ஓட்டுப் போடாமல் வீட்டில் இருப்பது இன்னும் மோசம். விளையாட்டில் புறக்கணிப்பு வேலை செய்யும், ஏனென்றால் காலி நாற்காலி முதலாளிக்கு நஷ்டம். 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பணக்கார அணிகள் தங்களுக்குள் ஒரு தனி லீக் அமைக்கப் புறப்பட்டபோது இங்கிலாந்து ரசிகர்கள் மைதான வாசலில் கூடினார்கள். அந்நாட்டின் ஆறு அணிகளும் இரண்டு நாளில் பின்வாங்கின. அதே நாட்டில் 2024 பொதுத் தேர்தலில் பத்தில் நான்கு பேர் ஓட்டுப் போடவே போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு ஓட்டை மட்டும் வைத்துக்கொண்டு தொழிற்கட்சி பெரும் பெரும்பான்மையோடு ஆட்சிக்கு வந்தது. வாக்குச்சாவடியில் காலி வரிசை யாருக்கும் நஷ்டமில்லை. வராதவர்கள் கூடக் கூட, வருகிறவர்களைத் திரட்டும் செலவு கட்சிக்குக் குறைகிறது.

கட்சிப் பற்றே இல்லாமல் இயக்கம் எப்படி நடக்கும் என்பதுதான் நான் மதிக்கிற ஆட்சேபம். உணர்ச்சி இல்லாமல் எந்த உரிமையும் இங்கே வந்ததில்லை, உண்மைதான். ஆனால் ரசிகர், வாடிக்கையாளர் இருவரையும் விட்டால் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். அவரை இந்த மண்தான் உருவாக்கியது. 1918 ஏப்ரல் 27ஆம் தேதி பெரம்பூரில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள், திரு.வி.க. துணை நின்றார். சங்கத்து ஆளுக்கும் பற்று உண்டு, கொடி உண்டு, கோஷம் உண்டு. கூடவே சந்தாச் சீட்டும் கோரிக்கைப் பட்டியலும் உண்டு. கேட் மீட்டிங்கில் தலைவர் பேசி முடித்ததும் ‘போனஸ் என்னாச்சு?’ என்று கேட்கிற உரிமை அந்தச் சீட்டோடு வருகிறது. இதைப் பொற்காலம் ஆக்க நான் விரும்பவில்லை. மூன்றே வருடத்தில், 1921 வேலைநிறுத்தத்தின்போது, அதே தொழிலாளர்கள் சாதியாகப் பிரிந்து புளியந்தோப்பில் வீடுகள் எரிந்தன. கோரிக்கை பின்னுக்குப் போய் ‘நம்மாள், அவனாள்’ முன்னுக்கு வந்தால் உறுப்பினரும் ரசிகராகிவிடுவார், அதற்குப் பிறகு நெருப்புதான். ஆனாலும் எட்டு மணி நேர வேலையும் வாராந்தர விடுப்பும் விசிலடித்து வந்தவையல்ல, பட்டியல் போட்டுக் கேட்டு வாங்கியவை.

கால்பந்திலும் அந்த மூன்றாவது ஆளை ஒருமுறை பார்த்தோம். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேக்கு எதிராக இந்தியா 5-0 என்று ஜெயித்தபோது மைதானத்தில் இருந்தவர்கள் 2,569 பேர். கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் வந்து கெஞ்சினார். ஐரோப்பிய அணிகள் அளவுக்கு நாங்கள் இல்லை என்று ஒப்புக்கொண்டு, திட்டுவதானாலும் வந்து திட்டுங்கள், ஆனால் வாருங்கள் என்றார். ஜூன் 4ஆம் தேதி கென்யா ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் மிச்சமில்லை, மழையிலும் கூட்டம். வந்து திட்டு என்று எந்தக் கட்சியாவது தொண்டரைக் கூப்பிட்டிருக்கிறதா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில் ஒன்றும் சிக்கவில்லை.

கூப்பிடாவிட்டால் என்ன, போக ஒரு இடம் காகிதத்தில் இருக்கிறது. கிராமசபை போல நகரங்களுக்கும் வார்டுக்குள் பகுதி சபைகள் வேண்டும் என்று சட்டம் வந்து, 2022 நவம்பர் 1ஆம் தேதி முதல் கூட்டங்கள் நடந்தன. பம்மலில் முதலமைச்சரே போய் உட்கார்ந்தார். திருவொற்றியூர் மண்டலத்துக்கும் ராயபுரம் மண்டலத்துக்கும் அதே சட்டம்தான். பிரேசில் மேட்சுக்கு ராத்திரி முழுக்க விழித்திருக்கும் தெருவுக்கு ஒரு சாயந்திரம் இரண்டு மணி நேரம் பெரிய விஷயமில்லை. கரை வேட்டியோடும் வரலாம், மஞ்சள் ஜெர்சியோடும் வரலாம். கவுன்சிலர் பேசி முடித்ததும் கேட்க வேண்டியது: அடுத்த தடவை எண்ணெய் வந்தால் வாளியைத் தவிர வேறென்ன வைத்திருக்கிறீர்கள், அது எந்தக் குடோனில் இருக்கிறது, சாவி யாரிடம்?