மே மாதத்தில் மூன்று காரியங்கள்



உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுவாரமே நம் வீடுகளில் கலியாணப் பேச்சு சூடு பிடித்துவிடுகிறது. தவக்காலத்தில் ஆடம்பர விவாகம் ஆகாது என்பது நெடுநாளைய வழக்கு. உயிர்ப்பு ஞாயிறோ மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் இடையில் ஏதேனும் ஒரு நாளில் வரும். ஆகவே அதுவரை பொறுத்திருந்த பெண் வீட்டாரும் பிள்ளை வீட்டாரும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் மண்டபம் தேடி ஓடுகிறார்கள். பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறையாதலால் சேலத்திலும் பெங்களூரிலும் உள்ள உறவினர் பிள்ளைகுட்டிகளோடு வந்து சேரலாம் என்ற வசதி வேறு. ஆடி ஆகாது என்று நம்மவரிலேயே சிலர் தயங்குகிறார்களே, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைப்பற்றிப் பிறிதொரு நாள் பேசுவோம்.

அதே ஏப்ரல், மே மாதங்களில்தான் கல்லூரிகளில் பருவப் பரீட்சை நடக்கிறது. இரண்டு வருஷம் எம்.எஸ்ஸி.யோ, எம்.காமோ, எம்.இ.யோ படித்த பெண்ணுக்கு நாலாம் பருவப் பரீட்சையும், ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளும், அதன்மேல் நடக்கும் வாய்மொழித் தேர்வும் அப்போதுதான் வந்து நிற்கும். ஆலையில் வேலை பார்க்கும் பிள்ளை வருஷமெல்லாம் சேர்த்துவைத்த சில நாள் விடுப்பையும் அப்போதே எடுத்தாக வேண்டும். கலியாணம், படிப்பு, ஓய்வு என்ற மூன்றுமே நல்ல காரியங்கள். மூன்றும் ஒரே மாதத்தைக் கேட்கின்றன. நல்லதையும் கெட்டதையும் முன்னால் வைத்தால் எதை எடுப்பது என்று குழந்தையும் சொல்லும். மூன்று நல்லதை வைத்தால்தான் பெரியவர்களே தடுமாறிப்போகிறோம்.

நம் பாட்டிமார் காலத்தில் பாகலூரில் இந்தத் தடுமாற்றம் அதிகம் இருந்திராது. கேழ்வரகுக் கொல்லைக்கு விடுமுறை ஏது? பெண்ணுக்குப் பரீட்சை ஏது? 1970-களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அடுத்த பத்து, பதினைந்து வருஷங்களில் மோட்டார் வாகன ஆலைகளும் கைக்கடிகார ஆலையும் எழுந்தன. பிறகு நம் நிலங்களில் பசுமைக் குடில்கள் எழும்பி, பெப்ருவரி மாதத்தில் வெளிதேசங்களுக்கு ரோஜா அனுப்பும் சீமையாகிவிட்டோம். ஷிப்டு முறை வந்தது. அதோடு விடுப்புக் கணக்கும் வந்தது. பெண்கள் பஸ் ஏறி ஓசூருக்கும் பெங்களூருக்கும் படிக்கப் போனார்கள். வீட்டின் பழக்கம் மட்டும் பழைய நாட்காட்டியிலேயே நிற்கிறது.

வழக்கமாக நடப்பது என்ன? மாப்பிள்ளை வீட்டார் மே முதல் வாரம் என்கிறார்கள். “ஜூன் வரை பொறுக்கலாமா அப்பா?” என்று பெண் மெல்லக் கேட்கிறாள். “பரீட்சையை நவம்பரில் எழுதிக்கொள்ளலாம் பாப்பா. நல்ல இடம் மறுபடி வருமா?” என்று தாயார் சொல்கிறார். அது அன்பினால் சொன்னதுதான். ஆனால் நவம்பர் வரும்போது பெண் வேறொரு ஊரில் இருப்பாள். ஒருவேளை கர்ப்பவதியாக இருப்பாள். கல்லூரிக்குப் போய்வரவே ஒரு நாள் முழுவதும் ஆகும். மாமியாரிடம் எப்படிக் கேட்பது என்று ஒரு வாரம் யோசிப்பாள். அரியர் என்ற சொல்லோடு அந்தப் படிப்பு நின்றுவிடும். முக்கால்வாசி எழுதிய ஆய்வேடு பெட்டியின் அடியில், கலியாணப் புடவைக்குக் கீழே கிடக்கும். ஒன்று கவனியுங்கள். “பரீட்சையை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்” என்று மாப்பிள்ளைப் பையனிடம் யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? அவன் படிப்பு முடியும்வரை பெண் வீட்டார் பொறுமையாகக் காத்திருப்பார்கள்.

வேதாகமத்தில் தோபித்து ஆகமத்தை எடுத்துப் பாருங்கள். வாலிபனான தோபியாவைத் தகப்பனார் ஒரு வேலையாக அனுப்புகிறார்: கபேலிடம் கொடுத்துவைத்த பத்துத் தாலந்து வெள்ளியை வாங்கி வரவேண்டும். வழியில் எக்பத்தானா நகரில் சாராளோடு அவனுக்கு விவாகம் நடக்கிறது. மாமனாராகிய இரகுவேல் சந்தோஷ மிகுதியால் பதினான்கு நாள் விருந்து என்று ஆணையிட்டுவிடுகிறார். இப்போது தோபியாவின் கையில் மூன்று காரியங்கள். கலியாண விருந்தை விட்டு எழமுடியாது. வந்த வேலை முடியவில்லை. வீட்டில் வயோதிபப் பெற்றோர் நாளை எண்ணிக்கொண்டிருப்பார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் மே மாதத்தில் படும் பாடு இதுவேயன்றோ?

அவன் செய்தது யாதெனில், நான்கு ஊழியரையும் இரண்டு ஒட்டகங்களையும் கொடுத்து, கூட வந்த துணைவரைக் கபேலிடம் அனுப்பினான். (அந்தத் துணைவர் அதிதூதர் இரபேல் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.) பணம் வந்து சேர்ந்தது. பதினான்கு நாள் ஆனதும், இன்னும் தங்கும்படி மாமனார் வருந்தி அழைத்தும், உம்முடைய பெற்றோருக்கு ஆளனுப்பிச் சொல்கிறேன் என்றும்கூட அவர் சொல்லிப் பார்த்தும், தோபியா கேட்கவில்லை, புறப்பட்டுவிட்டான். பணத்தை வாங்க வேறொருவர் போகலாம். தாய் தகப்பன் முன் மகனாகப் போய் நிற்க வேறொருவர் போக முடியாது. இந்த வித்தியாசத்தை அந்த வாலிபன் கண்டுகொண்டான்.

எதை முதலில் வைப்பது என்று கேட்பதைவிட, எதை வேறொருவர் செய்ய முடியும் என்று கேட்பதே நமக்கும் உதவும் என்பது என் எண்ணம். மண்டபம் பார்ப்பது, சமையற்காரரிடம் முன்பணம் கொடுப்பது, பத்திரிகை அச்சடிப்பது, பந்தல்காரரோடு வழக்காடுவது, இவற்றிற்கெல்லாம் சித்தப்பா இருக்கிறார், அத்தை இருக்கிறார், ஊரே இருக்கிறது. பட்டெடுக்கச் சிக்பேட்டைக்கு எட்டுப்பேர் போகும்போது மணப்பெண்ணும் முழுநாள் கடை கடையாக ஏறி இறங்கத்தான் வேண்டுமா? இரண்டு மணி நேரம் வந்து, புடவையைத் தெரிந்தெடுத்துவிட்டு, புத்தகத்திற்குத் திரும்பட்டுமே. பரீட்சையை மட்டும் அவளுக்காக அத்தை எழுத முடியாது.

விவாகத்தின் கருவான காரியமும் அப்படிப்பட்டதுதான். மணமக்களின் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது என்றும், அந்தச் சம்மதத்தை எந்த மனித அதிகாரமும் அவர்களுக்குப் பதிலாகக் கொடுக்க இயலாது என்றும் 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. மற்றச் சடங்கும் சாப்பாடும் பிறர் கையால் நடக்கலாம். ஆக, பெண்ணும் பிள்ளையும் தாமே செய்யவேண்டிய வேலை கலியாணத்தில் கொஞ்சமே; ஆனால் அதற்கு அமைதியான மனசு வேண்டும். பரீட்சைப் பயமும் பத்திரிகைக் கணக்கும் சேர்ந்து அழுத்த, தூக்கமின்றிப் பீடத்தின் முன் வந்து நிற்கிற பெண்ணிடம் அந்த அமைதியை எப்படி எதிர்பார்ப்பது?

இங்கே ஒரு மறுப்பு எழும், நியாயமான மறுப்புதான். படிப்பு என்று சொல்லிக்கொண்டே போனால் கலியாணம் எப்போது? பாட்டி படுக்கையில் இருக்கிறார், பேத்தியின் மாலையைப் பார்த்துவிட்டுக் கண்மூட ஆசைப்படுகிறார். மாப்பிள்ளை வெளிதேசத்தில் வேலை. அவருக்குக் கிடைக்கும் விடுப்பு நம் கையில் இல்லை. இவை சாக்குப்போக்கல்ல. டாக்டர் பட்டத்துக்கான ஆராய்ச்சி ஐந்தாறு வருஷம் நீளலாம். அதுவரை காத்திரு என்று எல்லோரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஆறு வாரத்தில் முடியப்போகும் படிப்புக்கும் ஆறு வருஷம் ஆகும் படிப்புக்கும் ஒரே பதிலைச் சொல்வதுதான் தவறு. ஆறு வாரமென்றால் மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கட்டும். அதற்கும் மனமில்லாத வீடு பிற்பாடு எதற்குத்தான் காத்திருக்கும்? வருஷக்கணக்கு என்றால் மணம் முடித்துக்கொண்டே படிக்கலாம். அப்படியானால் அவள் எழுதும் நாட்களில் அடுப்பை யார் கவனிப்பது, கல்லூரிக்கு யார் கொண்டுவிடுவது என்பதை வெற்றிலை மாற்றும் அன்றே பேசிவிடுங்கள். எத்தனை பவுன், என்ன வண்டி என்று நெடுநேரம் பேசுகிற வாய்க்கு இது ஒன்றும் பெரிய பேச்சல்ல. இன்னொன்றும் உண்டு. “படிப்பு முடியட்டும் அம்மா” என்று பெண் திரும்பத் திரும்பச் சொன்னால், அவள் சொல்ல வருவது படிப்பைப் பற்றித்தானா, அந்த வரனைப் பற்றியா என்று தாயார் தனியே அழைத்துக் கேட்பது நலம்.

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்த முத்துலட்சுமி அம்மையாருக்கும் வீட்டில் மணப்பேச்சு எழாமலில்லை. அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-இல் பட்டம் பெற்றார். 1914-இல்தான் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்கவேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கலாகாது என்று முன்கூட்டியே நிபந்தனை பேசிக்கொண்டுதான் மணந்தார். பிற்காலத்தில் அவர் சட்டசபையில் செய்த வேலையையும், 1954-இல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையையும் நாடறியும்.

அரசாங்கமும் இந்த விஷயத்தில் மெல்ல மனம் மாறியிருக்கிறது. ஏழைப் பெண்களின் விவாகத்துக்கு உதவ மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் 1989-இல் ஒரு திட்டம் தொடங்கியது. 2011-இலிருந்து பட்டம் பெற்ற பெண்ணுக்கு 50,000 ரூபாயும் தாலிக்கு 4 கிராம் தங்கமும் கொடுத்தார்கள். 2016-இல் தங்கம் 8 கிராம் ஆயிற்று. 2022-இல் அத்திட்டத்தையே மாற்றி, ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் படிக்கும் காலம் முழுவதும் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குப் புதுமைப் பெண் என்று பெயர். தாலிக்குத் தங்கம் போயிற்றே என்று வருந்திய தாய்மாரின் வருத்தமும் நியாயமானதுதான். எனினும் தாலிக்குத் தங்கம் தேட மாமனும் உண்டு, மொய்யும் உண்டு. மூன்று வருஷம் மாதாமாதம் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் பணம் தேடுவதுதான் ஏழை வீட்டுக்குக் கடினம்.

நிற்க. ஓய்வைப்பற்றிச் சொல்லாமல் விட்டால் இளையோர் என்மேல் கோபிப்பார்கள். தேன்நிலவு என்றாலே பெரியவர்களுக்கு முகம் சுளிக்கிறது. ஊர் சுற்றக் காசா என்கிறார்கள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், வருஷத்தில் 240 நாள் உழைத்தவனுக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுமுறை என்று விதித்தது. கணக்குப் பார்த்தால் 240 நாளுக்குப் பன்னிரண்டு நாள். பத்திரிகை வைக்க மூன்று நாள், ஜவுளிக்கு ஒன்று, கலியாணத்துக்கு இரண்டு என்றால், மிச்சம் ஆறு. அந்த ஆறையும் மறுவீடு, பெரியப்பா வீட்டு விருந்து, மாமா வீட்டு விருந்து என்று சாப்பிட்டே தீர்த்துவிடுகிறோம். ஏழாம் நாள் பையன் அஜீரணத்தோடு முதல் ஷிப்டுக்குப் போகிறான். அவனும் அவளும் தனியாக ஒரு மணி நேரம் பேசியிருப்பார்களா என்பது சந்தேகமே.

உபாகமம் 24-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். புதிதாக மணமுடித்தவனைப் போருக்கு அனுப்பலாகாது, வேறு சுமையும் அவன்மேல் வைக்கலாகாது, ஒரு வருஷம் வீட்டில் தங்கி மனைவியை மகிழ்விக்கட்டும் என்று மோயீசனின் சட்டம் சொல்கிறது. யுத்தகாலத்தில் ஒரு வருஷம் கொடுத்தார்கள்; நாம் மூன்று நாள் கொடுக்க யோசிக்கிறோம்.

ஓய்வுக்குப் பணம் வேண்டுமென்பதும் இல்லை. பியேர் கியூரி என்ற பிரெஞ்சு விஞ்ஞானி பல வருஷம் தள்ளிப்போட்ட டாக்டர் பட்டத்தை 1895 மார்ச்சில் முடித்தார். மணமகளாகப் போகிற மரியாவோ 1893-இலும் 1894-இலும் தம் இரண்டு பட்டங்களையும் முடித்திருந்தார். அவ்வருஷம் ஜூலை 26-இல் அவர்கள் விவாகம். (கோயிற் சடங்கின்றி நடந்தது, அதில் நாம் அவர்களைப் பின்பற்ற வேண்டியதில்லை.) பிற்பாடு ஆய்வுக்கூடத்துக்கும் உடுத்தலாம் என்று கருநீல உடையொன்றை மணப்பெண் தெரிந்துகொண்டார். கலியாணத்துக்கு வந்த அன்பளிப்புப் பணத்தில் இரண்டு சைக்கிள் வாங்கி, பிரான்சு தேசத்துக் கிராமப் பாதைகளில் ஓட்டிப் போனதுதான் அவர்களுடைய தேன்நிலவு. எட்டு வருஷம் கழித்து, 1903-இல், இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நமக்கு ஒகேனக்கல் இருக்கிறது, ஏற்காடு இருக்கிறது, வேளாங்கண்ணிக்கு ரயிலும் பஸ்ஸும் உண்டு. கடன் வாங்கி விமானம் ஏற வேண்டாம். வேளாங்கண்ணிக்கென்றால் வேன் பிடித்து இருபது பேர் கூடப் போகவும் வேண்டாம். பெரியப்பா வீட்டு விருந்து ஓணாங்காய் அல்ல, ஒரு மாதம் பொறுத்தாலும் கெட்டுப்போகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டுக்கொள்ளலாம்.

திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-இல் விதித்தது முதலாக, விவாகத்துக்குமுன் மூன்று ஓலை வாசிக்கும் வழக்கம் இருந்துவருகிறது. தேதியைக் குறித்து, மண்டபத்துக்கு முன்பணமும் கட்டிவிட்டு ஓலை கொடுக்க வந்தால் எதையும் மாற்ற வழியிராது. ஆகையால் இவ்வருஷம் கலியாணம் வைத்திருக்கும் வீட்டார் தேதி குறிக்குமுன் ஒருமுறை வாருங்கள். வரும்போது ஞானஸ்நானச் சான்றிதழோடு, பெண்ணின் பரீட்சை அட்டவணையையும், பிள்ளையின் விடுப்புக் கணக்கையும் கையில் கொண்டுவாருங்கள்.