சமாரியனின் மறுநாள்



எரிகோவுக்குப் போகும் பாதையிலே கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த மனிதனின் உவமையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். குரு விலகிப் போனார். லேவியன் விலகிப் போனான். சமாரியனோ இரக்கங்கொண்டு, காயங்களைக் கட்டி, தன் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனான். பெரும்பாலும் இந்த இடத்தோடு நம் ஞாபகம் நின்றுவிடுகிறது. ஆனால் லூக்காஸ் நற்செய்தியாளர் இத்துடன் நிறுத்தவில்லை. சத்திரத்தில் அன்றிரவு முழுவதும் அந்தச் சமாரியனே அவனைப் பராமரித்தான். மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு தெனாரியம் கொடுத்தான். இன்னும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்குக் கொடுத்தான்.

அந்த ‘மறுநாளை’ப் பற்றியே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதன் அருமையை விளங்கிக்கொள்வதற்குப் பிலிப்பைன் நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி நமக்கு உதவும்.

அந்நாட்டின் லூசோன் தீவிலே பினாத்துபோ என்றொரு மலை உண்டு. ஏறக்குறைய 500 ஆண்டுகள் உறங்கிக் கிடந்தபடியால் அது எரிமலை என்பதைப் பலர் மறந்தே போனார்கள். அதன் காட்டுச் சரிவுகளில் ஐத்தா என்னும் பழங்குடி மக்கள் வேட்டையாடியும் தோட்டஞ் செய்தும் வாழ்ந்துவந்தார்கள். 1991ஆம் ஆண்டு ஏப்பிரல் 2ஆம் திகதி மலையின் ஒரு பக்கம் வெடித்து நீராவி பீறிட்டது. மறுநாளே அச்செய்தியை எரிமலை ஆய்வு நிலையத்துக்கு எட்டச் செய்தவர் யார் தெரியுமா? அந்த ஏழை மக்களோடு மலையிலேயே குடியிருந்த ஒரு கன்னியாஸ்திரி. மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். அச்சபைக் கன்னியர் நம் இலங்கையிலும் தொண்டாற்றி வருவது நீங்கள் அறிந்ததே.

உடனே விஞ்ஞானிகள் வந்தார்கள். நில நடுக்கத்தை அளந்தார்கள். மலை கக்கிய கந்தகப் புகையை அளந்தார்கள். ஆபத்தின் அளவை 1 முதல் 5 வரை படிகளாக வகுத்து மக்களுக்கு அறிவித்தார்கள். ஆனால் நம்பியவர்கள் எத்தனை பேர்? பாட்டன் பூட்டன் காலத்திலும் நெருப்புக் கக்காத மலை இன்று கக்கப்போகிறது என்றால் யார்தான் எளிதில் நம்புவார்? எரிமலைகளையே படம்பிடித்து வாழ்ந்த மொரிஸ் கிராப்ட், காத்யா கிராப்ட் என்ற பிரெஞ்சுத் தம்பதிகள் தயாரித்த படமொன்றை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். நெருப்பு மேகமும் சேற்று வெள்ளமும் செய்யும் அழிவைக் கண்ணால் கண்ட பின்னரே பலருடைய மனம் மாறியது. அத்தம்பதிகளோ அதே ஆண்டு ஜூன் 3ஆம் திகதி ஜப்பானில் உன்சென் எரிமலையின் நெருப்பு மேகத்துக்குப் பலியானார்கள். தங்கள் படம் காப்பாற்றிய மக்களை அவர்கள் காணவில்லை.

எச்சரிக்கையைக் கேளாததன் விலை என்ன என்பதை உலகம் ஆறு ஆண்டுகளுக்கு முன்னர்தான் கண்டிருந்தது. 1985ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் திகதி இரவு, கொலம்பியா நாட்டிலே நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் எரிமலை வெடித்தது. அதன் உச்சியிலிருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாய்ப் பாய்ந்தது. ஆபத்தான இடங்களைக் குறித்த வரைபடம் முந்திய மாதமே தயாராயிருந்தது. அன்று மாலையே ஊரில் சாம்பல் விழுந்தது. ஆயினும் அமைதியாய் வீட்டில் இருங்கள் என்றே ஆர்மெரோ நகரத்தாருக்குச் சொல்லப்பட்டது. மலை வெடித்து இரண்டரை மணி நேரம் கழித்துத்தான் வெள்ளம் நகரை அடைந்தது. இருந்தும் 20,000க்கு மேற்பட்டோர் அந்த ஓரிரவில் மாண்டார்கள். மறு ஆண்டு புனித பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அந்தச் சேற்று நிலத்திலே முழந்தாளிட்டுச் செபித்தார்.

“கடவுள் காப்பார், நான் அசையமாட்டேன்” என்று சொல்வது விசுவாசம் என்று நினைக்கிறோமா? சூசையப்பரைப் பாருங்கள். கனவிலே எச்சரிக்கை கிடைத்ததும் விடியும்வரை அவர் காத்திருக்கவில்லை. இரவோடிரவாய்ப் பாலனையும் தாயையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் புறப்பட்டார். கடவுள் காப்பாற்றும் வழிகளில் எச்சரிக்கையும் ஒன்று. அதற்குச் செவிகொடுப்பதும் விசுவாசமே.

பினாத்துபோவில் செவிகொடுத்தார்கள். முதலில் 10 கிலோமீற்றர் சுற்றளவில் இருந்தவர்களை வெளியேற்றினார்கள். பின்னர் 20, 30 என்று கூட்டி, கடைசியில் 40 கிலோமீற்றர் வரை விலகச் சொன்னார்கள். ஜூன் 10ஆம் திகதி கிளார்க் விமானத் தளத்திலிருந்த ஏறக்குறைய 14,500 அமெரிக்கர்களும் வெளியேறினார்கள். ஐந்து நாட்களின் பின், ஜூன் 15ஆம் திகதி, அந்த நூற்றாண்டின் மிகப் பெரிய வெடிப்புகளில் ஒன்று நிகழ்ந்தது. அன்றே யுன்யா என்னும் சூறாவளியும் அவ்வழியே வந்தது. மழையில் நனைந்த சாம்பல் சீமெந்துபோல் கனத்துக் கூரைகளை அமுக்கியது. அதில் அகப்பட்டு இறந்தவர்கள் சுமார் 300 பேர். ஆனால் வெளியேற்றத்தினால் குறைந்தது 5,000 உயிர்களாவது தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். இறைவனுக்கு நன்றி.

சகோதரரே, இது முதல் நாளின் கதை. காயப்பட்டவன் வாகனத்தில் ஏற்றப்பட்டுவிட்டான். சத்திரத்திலே என்ன நடந்தது?

மலையிலிருந்து இறங்கிய ஐத்தா மக்கள் பள்ளிக்கூடங்களிலும் கூடாரங்களிலும் நெருக்கமாய்த் தங்கவைக்கப்பட்டார்கள். காட்டுக் காற்றில் பரந்து வாழ்ந்தவர்களுக்கு அந்த நெரிசல் புதிது, உணவு புதிது, சனக் கூட்டத்தில் பரவும் நோய்களும் புதிது. சின்னமுத்து வந்தது, வயிற்றோட்டம் வந்தது, சளிச்சுரம் வந்தது. பச்சைக் குழந்தைகள் தாய்மாரின் மடியிலேயே இறந்தார்கள். பினாத்துபோவினால் இறந்தோர் 800க்கு மேல் என்று கணக்கிடப்பட்டபோது, அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் முகாம்களில் நோயினால் மாண்டவர்களே! நெருப்பு மேகத்துக்குத் தப்பிய பிள்ளை, ஓர் ஊசி மருந்து போடப்படாததால் இறந்தது.

ஊசி மருந்து இருந்தும் சில பெற்றோர் வேண்டாம் என்றார்கள். அவர்களைக் குறைசொல்ல அவசரப்படாதீர்கள். கீழ்நாட்டாரால் தலைமுறை தலைமுறையாக ஏமாற்றப்பட்டும் இகழப்பட்டும் வந்தவர்கள், முகாமிலே முதன்முதலாய்க் காணும் அந்நியன் நீட்டும் ஊசியை எப்படி நம்புவார்கள்? மலை வெடிப்பதற்கு முன்னமே அவர்களோடு உண்டு உறங்கிய கன்னியர் சொன்னபோது கேட்டார்களே! நம்பிக்கை ஆபத்து வேளையில் விநியோகிக்கக்கூடிய நிவாரணப் பொருள் அல்ல. அது முன்னரே விதைக்கப்பட வேண்டும்.

அந்த மறுநாள் மிக நீண்டதாயிற்று. மலைச்சரிவில் குவிந்த சாம்பல், ஒவ்வொரு மாரியிலும் சேறாய்ப் பெருகி ஊர்களை மூடியது. 1995இல் பக்கோலோர் ஊரின் சான் கில்லெர்மோ ஆலயம் பாதி உயரத்துக்குப் புதைந்தது. பங்கு மக்கள் அதைக் கைவிட்டார்களா? இல்லை. பீடத்தைத் தோண்டியெடுத்துப் புதிய நிலமட்டத்துக்கு உயர்த்தினார்கள். பழைய யன்னல்கள் வாசல்களாயின. அங்கே மீண்டும் பூசை நடந்தது.

அன்பார்ந்தவர்களே, முகாம் வாழ்க்கை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2004 மார்கழியிலே கடல் பொங்கியபோது நமக்கு முன்னறிவிப்பே கிடைக்கவில்லை. ஆனால் முதல் வாரத்தில் கோயில் வாசல்களில் சோற்றுப் பார்சல்கள் குவிந்ததை நினைத்துப் பாருங்கள். மூன்றாம் மாதத்தில் எத்தனை பேர் எட்டிப் பார்த்தோம்? வெள்ளமோ மண்சரிவோ வந்து நம் பங்குப் பள்ளிக்கூடத்தில் நாலு குடும்பங்கள் வந்து தங்கினால், பழைய துணி மூட்டையைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறோமா? குடிதண்ணீர் கொதிக்கவைத்ததா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டதா, பெண்பிள்ளைகளுக்கு மறைவான மலசலகூடம் இருக்கிறதா, அவர்கள் என்ன சாப்பிட்டுப் பழகியவர்கள் என்று கேட்கிறோமா? அவர்களுடைய பெயராவது நமக்குத் தெரியுமா? ஊர்க் கோடியில் நாம் ஒதுக்கிவைத்திருக்கும் குடும்பத்தோடு இன்றைக்கே பேசிப் பழகாவிட்டால், நாளை ஆபத்து வேளையில் நம் சொல்லை அவர்கள் எப்படிக் கேட்பார்கள்?

இந்த உவமையில் வரும் சமாரியன் கிறிஸ்துவே என்றும், சத்திரம் திருச்சபையே என்றும் பழைய திருச்சபைத் தந்தையர் விளக்கினார்கள். அப்படியானால் சத்திரக்காரர் யார்? நீங்களும் நானுந்தான். காயப்பட்டவனை நம் கையில் ஒப்படைத்துவிட்டு ஆண்டவர் போயிருக்கிறார். இரண்டு தெனாரியத்தையும் தந்துவிட்டார். மேலே செலவாவதைத் தாம் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அவர் வரும்போது கணக்கை மட்டும் பார்க்கமாட்டார். “நான் விட்டுப்போன மனிதன் எங்கே?” என்றும் கேட்பார். அப்பொழுது அவன் நம் சத்திரத்திலே உயிரோடும் நலத்தோடும் இருக்க, அவர் நமக்கு அருள்புரிவாராக. ஆமென்.