ஆடுகளத்தின் ஓரம்

பெரியகுளம் சில்வர் ஜூப்ளி ஸ்போர்ட்ஸ் கிளப் கோடையில் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டிக்கு இந்தியக் கடற்படை, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி போன்ற அணிகள் வந்து ஆடியிருக்கின்றன. ஆடுகளம் 28 மீட்டர் நீளம்தான். முன்வரிசை ரசிகருக்கு வீரரின் மூச்சிரைப்பே கேட்கும். ஆட்டம் முடிந்ததும் அந்த வீரர் தன் தோளில் கைபோட்டு நின்ற நிமிடத்தை ஒரு சிறுவன் ஆயுசுக்கும் மறக்கமாட்டான். வருஷம் போகப்போக அந்தக் கதைக்குக் கைகால் முளைத்துவிடுமே, அதை எப்படி நம்புவது என்பார்கள். புள்ளிக் கணக்கை அவனிடம் கேட்க வேண்டாம். அது ஸ்கோர் ஷீட்டில் இருக்கிறது. தோற்ற களைப்பிலும் வீரர் முகம் கோணாமல் பேசினாரா என்பது எந்தத் தாளிலும் ஏறாது. ஒரே வீரரைப் பற்றிப் பத்துப் பேர் அதையே சொன்னால் அதுவும் சாட்சியம்தானே! பெரியகுளத்துப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவைக்க வேண்டும்.