பிரார்த்தனையும் இதயத் துடிப்பும்

பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் அதிகம் காணப்படும் சிக்கல்களில் ஒன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்கும். நாடி தாறுமாறாக ஓடும். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் இது தலைகாட்டும்.

பிறர் செய்யும் பிரார்த்தனை இத்தகைய சிக்கல்களைத் தடுக்குமா? மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழுவினர் அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் 1,802 பைபாஸ் நோயாளிகளிடம் இதைச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டனர். நோயாளியின் முதற்பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டும் மூன்று கிறிஸ்தவக் குழுக்களுக்குத் தரப்பட்டன. அவை 14 நாள் வேண்டின. தமக்காக யாராவது வேண்டுகிறார்களா என்று அறியாதவர்களில், பிரார்த்தனை பெற்றோரில் 52%, பெறாதோரில் 51% பேருக்குச் சிக்கல் நேர்ந்தது. வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிலோ 59%. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்தான் இவர்களிடம் கூடுதலாகத் தெரிந்தது. இதற்குக் காரணம் தற்செயலாகவும் இருக்கலாம், 'வேண்டுதல் வைக்கும் அளவுக்கா நம் நிலைமை?' என்ற கலக்கமாகவும் இருக்கலாம்.

கடவுளை இப்படி அளக்க முடியுமா என்பதே ஆழமான கேள்வி. குடும்பத்தாரின் வேண்டுதலை எந்தப் பிரிவிலும் யாரும் தடுக்கவில்லை. இறைவனைச் சோதிக்கலாகாது என்பது கிறிஸ்தவத்தின் பழைய நிலைப்பாடும்கூட. கேட்டவுடன் கணக்காகக் கிடைப்பது அருளாகாது, மருந்தாகிவிடும். இந்த ஆய்வு சோதித்தது முன்பின் அறியாதவர்களின் வேண்டுதலை மட்டுமே. கடவுள் உண்டா, இல்லையா என்பதை அது தொடவில்லை.