ஈரம் விட்ட அச்சு

பீங்கான் பொம்மைப் பட்டறைக்குள் நுழைந்ததும் முதலில் கண்ணில் படுகிறவை அச்சுகள்தாம். சுவரோரமெங்கும் ரப்பர் பட்டையால் இறுக்கிக் கட்டி அடுக்கிய வெள்ளைக் கட்டிகள். வெளியிலிருந்து பார்த்தால் எது பிள்ளையார், எது செட்டியார், எது தவழும் கண்ணன் என்று சொல்லிவிட முடியாது. உள்ளே ஒவ்வொன்றிலும் ஒரு வெற்றிடம், அந்த வெற்றிடத்துக்கு ஒரு திருமுகம். வாங்கப் போகிற பொம்மையை நினைத்துக்கொண்டே உள்ளே வந்த நாங்கள் அந்தக் கட்டிகளைக் கடந்துதான் போனோம். விருத்தாசலத்தில் அன்று நான் கற்றுக்கொண்டது முழுக்க அவற்றிடமிருந்துதான்.

கொலு வைக்கும் சிநேகிதிகள் கூட்டம் எங்களுடையது. புரட்டாசியில் வரும் நவராத்திரிக்கு ஆடியிலேயே கை பரபரக்கத் தொடங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது படியேற வேண்டும் என்பது வீட்டு வழக்கம். அந்த ஒன்றைச் சாக்காக வைத்து ஊர் ஊராகப் போவது எங்கள் வழக்கம். மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரி, காஞ்சிபுரம், காகிதக்கூழ் பொம்மைக்குப் பண்ருட்டி. கடைவீதியில் கிடைக்காததையா அங்கே வாங்குகிறீர்கள் என்று வீட்டில் கேட்பார்கள். பொம்மை எல்லா இடத்திலும் கிடைக்கிறது. அதைச் செய்யும் கையைப் பார்க்கத்தான் போக வேண்டியிருக்கிறது.

சென்னையிலிருந்து திருச்சி போகும் ரயில் பாதையில் விருத்தாசலம் ஒரு சந்திப்பு. சேலத்துக்கும் கடலூருக்கும் இங்கிருந்து தண்டவாளம் பிரிகிறது. பக்கத்திலேயே நெய்வேலி. 1956-இல் தொடங்கிய நிறுவனம் பழுப்பு நிலக்கரிக்காக மேல்மண்ணை அகற்றும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை, அந்தத் தொழில்நுட்பத்தைச் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்வி நிலையம், வீட்டை ஒட்டிய சிறு பட்டறைகள் என்று ஊரே மண்ணோடு பழகியிருக்கிறது. பியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கார்த்திகைக்கு அகல், நவராத்திரிக்குப் பொம்மை. ஒரே மண்தான், எந்தச் சூளைக்குப் போகிறது, எந்த அச்சில் இறங்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

வார்ப்பு வேலை இப்படி நடக்கிறது. களிமண்ணோடு குவார்ட்ஸ், பெல்ட்ஸ்பார் பொடிகளைச் சேர்த்து, தண்ணீர் விட்டு, மோர்ப் பதத்துக்குக் கூழாகக் கரைக்கிறார்கள். தண்ணீர் குறைவாக இருந்தும் கூழ் ஓட வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் சோடியம் சிலிகேட். மூடிக் கட்டிய அச்சின் வாயில் கூழை ஊற்றி நிரப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பார்க்க ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வாயருகே மட்டம் மெல்ல இறங்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். அச்சு தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்கிறது. தண்ணீரை இழந்த மண் அச்சின் உட்சுவரில் படிந்து, தடித்து, ஓடாகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கூழை வடித்துவிடுகிறார்கள். சற்று நேரம் போனால் அச்சைப் பிரிக்கலாம். ஈரம் மின்ன, உள்ளே ஒன்றுமில்லாமல், ஒரு லட்சுமி வெளியே வருகிறாள்.

அச்சு எதையும் திணிப்பதில்லை, பிசைவதில்லை. தண்ணீரை மட்டும் வாங்கிக்கொள்கிறது. வடிவம் தானாக அமைகிறது.

வேலை செய்துகொண்டிருந்த அம்மாள் ஒரு அச்சைக் கையில் எடுத்து, கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒதுக்கி வைத்தார். எங்களில் ஒருத்தி, "ஏன்க்கா, உடைஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, ஈரம் ஏறிப்போச்சு. இதுல ஊத்துனா மண்ணு புடிக்காது. வெயில் காட்டி எடுத்தாத்தான் மறுபடி வேலைக்கு ஆவும்."

கன்னத்தில் சில்லென்று பட்டால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தமாம். வெளியே முற்றத்தில் பிரித்துப்போட்ட அச்சுகள் ஆடி வெயிலைப் பார்த்து மல்லாந்து கிடந்தன. பாதிப் பாதியாகப் பள்ளங்கள். ஒன்றில் துதிக்கையின் வளைவு, ஒன்றில் வீணையின் குடம். வேலையில்லாமல் கிடப்பதாகத் தோன்றும். உண்மையில் அச்சின் வேலையில் சரிபாதி அதுதான். குடித்ததை விட்டால்தான் அடுத்ததை வாங்க முடியும்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். எத்தனையோ வெள்ளிக்கிழமைகளில் சந்நிதியில் கை கூப்பி நின்றிருக்கிறேன். "ஒன்றும் பதியவில்லையே, மனசு நிற்கவில்லையே" என்று குறைப்பட்டுக்கொண்டு திரும்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அருள் வராமல் இல்லை. அது ஊற்றிக்கொண்டேதான் இருக்கிறது. வாங்குகிற இடத்தில்தான் ஈரம் ஏறிப்போயிருக்கிறது. நேற்றைய பேச்சு, போன மாதத்து மனத்தாங்கல், அடுத்த வருஷத்துக் கவலை எல்லாவற்றையும் குடித்து நனைந்த மனத்தில் புதிதாக எது ஊற்றினாலும் படியாமல் வழிந்துபோகிறது. அதற்குத் தேவைப்படுவது இன்னும் பெரிய கோயிலோ, இன்னும் நீளமான தோத்திரமோ அல்ல என்று எனக்குத் தோன்றியது. சும்மா வெயிலில் கிடப்பது. பெரியவர்கள் சும்மா இரு என்று சொன்னதில் சோம்பல் துளியும் இல்லை. ஈரத்தை விடுகிற வேலை அதில் நடக்கிறது.

பக்கத்து அறையில் பினிஷிங். இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடத்தில் பொம்மையின் மேல் ஒரு கோடு துருத்திக்கொண்டு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து மறைக்கும் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சரஸ்வதியைத் தொடையில் சாய்த்து, காதோரம் தொடங்கித் தோள், இடுப்பு, பாதம் வரை ஒருத்தி அந்தக் கோட்டைத் துடைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துவிடும் கை அது. கோடு போனபின் அவள் அங்கே வேலை செய்தாள் என்பதற்கு அடையாளமே இல்லை. இப்படிப்பட்ட உழைப்பின் கூலியைப் பற்றி, இந்த ஊர்க் கோயில் கட்டிய கதை ஒன்று உண்டு. விபசித்து முனிவர் திருப்பணிக்கு வந்தவர்களுக்குத் தலமரமான வன்னியின் இலையைக் கூலியாகக் கொடுப்பாராம். அவரவர் உழைப்புக்கு ஏற்ற அளவில் இலை பொன்னாகுமாம். அந்தக் கதையைக் கேட்டவர்கள் இந்தப் பட்டறைகளில் பேரம் பேசக் கூடாது என்பது என் திடமான எண்ணம். கடையில் பேசிக்கொள்ளலாம். செய்கிறவர் முன்னால் உட்கார்ந்து பத்து ரூபாய்க்கு வாதாடிவிட்டு அந்தப் பொம்மைக்கு எப்படி ஆரத்தி எடுப்பது?

சூளையைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. நெருப்பைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். ஒன்று மட்டும். வெப்பம் சுமார் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும் கட்டத்தில் களிமண்ணின் கட்டமைப்புக்குள்ளேயே பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. அதற்குமுன் எந்த நேரத்திலும் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் மறுபடி சேறாகிவிடும். அதற்குப்பின் எத்தனை மழையில் நனைந்தாலும் ஆகாது. உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வெளியேற அடியில் ஒரு துளை விட்டிருப்பார்கள். கொலுவில் வைத்தால் யார் கண்ணுக்கும் தெரியாத அந்தத் துளை இல்லாவிட்டால் சூளையில் பொம்மை வெடித்துவிடும்.

மாலையில் அந்தக் கோயிலுக்குப் போய்ப் பழமலைநாதரைத் தரிசித்தோம். செம்பியன் மாதேவியார் கற்றளியாக எடுப்பித்த கோயில். சுந்தரருக்கு இறைவன் பன்னிரண்டாயிரம் பொன் கொடுத்த தலம் இது. அவ்வளவு பொன்னையும் வழியில் எப்படிக் காப்பது என்று அவர் கலங்க, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயத்தில் எடுத்துக்கொள் என்று ஆணை. சுந்தரர் போட்டார். போடுமுன், மாற்றுப் பார்ப்பதற்காக ஒரு சிறு துண்டை மட்டும் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார் என்கிறது வரலாறு. இந்த இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். இறைவனின் தோழர் அவர். அவருக்கே முழுவதையும் ஒரேயடியாக விட்டுவிட முடியவில்லை. அதற்காக அங்கே குளத்தில் பொன் கிடைக்காமல் போய்விடவும் இல்லை. நாங்கள் போனபோது ஆற்றில் மணல்தான் அதிகம். அந்த மணலைப் பார்த்துக்கொண்டே, முழுவதையும் விடும் திறமை நமக்குப் போதாவிட்டாலும் பரவாயில்லை, விடத் தொடங்கினால் ஏற்றுக்கொள்ள ஆள் உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை மணவாளநல்லூர். ஊரை ஒட்டினாற்போல் இருக்கிற கொளஞ்சியப்பர் கோயில். முதல் நாள் முழுக்கத் தீட்டிய புருவமும் சிவந்த உதடுமாக நூற்றுக்கணக்கான தெய்வ முகங்களைப் பார்த்துவிட்டு வந்த எங்களுக்கு, இங்கே முருகன் முகமில்லாமல் காட்சி தந்தான். கையில்லை, மயிலில்லை. பலிபீட வடிவில் ஒரு கல். அருவுருவம். அதன் முன்னால்தான் ஜனங்கள் பிராது கட்டுகிறார்கள். தங்கள் குறையை, யார்மேல் என்ன வழக்கு என்பதை, காகிதத்தில் மனுவாக எழுதிச் சந்நிதியில் வைத்து எடுத்து, முனியப்பர் சந்நிதியில் கட்டிவிட்டுப் போகிறார்கள். தங்கள் ஊர் எவ்வளவு தூரம் என்று கணக்கிட்டு அதற்கொரு சிறு கட்டணம். காரியம் முடிந்ததும் வந்து பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்வது முறை. களவு போன நகை, தராத கடன், பேசாத பிள்ளை, பாகப்பிரிவினை. கட்டுக் கட்டாகக் காகிதம். எழுதத் தெரியாதவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொருவர் எழுதிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

அங்கே அழுகைச் சத்தம் கேட்கவில்லை. கட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொருவர் நடையிலும் ஒரு இலேசு தெரிந்தது. வழக்கு இன்னும் முடியவில்லை, தீர்ப்பு வரவில்லை. ஆனால் அதைச் சுமக்கிற வேலை இனி அவர்களுடையது இல்லை. முற்றத்து வெயிலில் மல்லாந்து கிடந்த அச்சுகளை மறுபடி பார்த்ததாகவே எனக்குப் பட்டது.

இதை நான் சொன்னபோது எங்கள் கூட்டத்தில் ஒருத்தி வெகுநேரம் பேசாமல் வந்தாள். அவள் அம்மா காலமாகி ஆண்டு திரும்பவில்லை. அம்மாவின் பொம்மைகள் டிரங்குப் பெட்டிகளில் அப்படியே இருக்கின்றன. அத்தனையையும் யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டு, கொலு வைப்பதையே நிறுத்திவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாள். "ஈரத்தை விடணும்னு நீங்களே சொல்றீங்களே அக்கா."

அவளுக்காக நான் பட்டறையில் கேட்டுத் தெரிந்துகொண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஆனது. ஜிப்சம் கல்லைச் சுட்டு, அதிலுள்ள நீரில் முக்கால் பங்கை விரட்டிப் பொடியாக்கியது அந்தப் பிளாஸ்டர். அதில் மறுபடி தண்ணீர் சேரும்போது ஒரு பங்கு நீர் பொடியோடு பிணைந்து கல்லாகிறது. மிச்ச நீர் காய்ந்து போய்விடுகிறது. போன இடமெல்லாம் நுண்ணிய துளைகள், கூழிலிருந்து தண்ணீரைக் குடிப்பவை அவைதாம். ஆகவே அச்சில் இருக்கும் நீர் இருவகை. வந்துபோகும் நீர், வெயிலில் விட வேண்டியது. பிணைந்த நீர், அதை விடவே கூடாது. சீக்கிரம் காயட்டும் என்று சூளைப் பக்கம் வைத்து, 60 டிகிரிக்கு மேல் நெடுநேரம் சூடு காட்டிவிட்டால் அந்தப் பிணைந்த நீரும் கிளம்பிவிடும். அச்சு வலுவிழந்து மாவாக உதிரும்.

துறவு பற்றி எவ்வளவோ கேட்டிருக்கிறேன். விடு, விடு என்பதே எங்கும் பேச்சு. எதை விடக்கூடாது என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் காட்டியதில்லை. துக்கத்தில் வந்துபோகும் நீர் ஒன்று உண்டு: இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டிருக்கலாமே, அன்றைக்கு அப்படிப் பேசாமல் இருந்திருக்கலாமே என்று ஊறிக்கொண்டே இருப்பது. அது வெயிலுக்குப் போகட்டும். அம்மா மகள் என்ற பிணைப்பு நம்மை நாமாக இறுக வைத்திருக்கும் நீர். அதைக் காய்ச்சி விரட்டுவது ஞானம் ஆகாது. அவசரமாகக் காய்கிறவர்கள் உதிர்ந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன். வைராக்கியம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொள்வார்கள். கிட்டே போனால் அன்பு வற்றிப்போயிருக்கும்.

அவள் டிரங்குப் பெட்டிகளைத் திறந்து தெருக் குழந்தைகளுக்குப் பாதியைக் கொடுக்கப் போகிறாளாம். அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த மரப்பாச்சி ஜோடி அவளிடமே இருக்கும். அவளுக்கும் மகள் இருக்கிறாள். கொலு உண்டா இல்லையா என்பதை இந்த வருஷத் துக்கம் கழிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கள் கூட்டத்து மூத்த மாமி சொல்லிவிட்டார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

ஊருக்குத் திரும்புமுன் பட்டறைக்கு மறுபடி போய் ஆர்டர் கொடுத்தோம். தயாராக இருந்தவற்றை அள்ளிக்கொண்டு வரும் ஆசை யாருக்கும் இல்லை. ஆளுக்கு ஒன்று, புதிதாக வார்த்துத் தரட்டும் என்று சொன்னோம். நான் கேட்டது எந்த விசேஷமும் இல்லாத ஒரு பிள்ளையார். அந்த அம்மாள் நோட்டில் எழுதிக்கொண்டே, "மழை புடிச்சுக்கிச்சுன்னா அச்சு காயாது, ஒரு வாரம் பத்து நாள் முன்னப் பின்ன ஆவும், பரவால்லையாம்மா?" என்று கேட்டார். நவராத்திரிக்கு வராவிட்டாலும் கார்த்திகைக்கு அகலோடு சேர்த்து அனுப்புங்கள் என்று சொல்லி முன்பணம் கொடுத்தோம்.