பெயர்ப்பலகையில் ஓர் ஊர்

உணவுக்கடை ஒன்று தன் பெயர்ப்பலகையில் ஓர் ஊரின் பெயரை எழுதிக்கொள்ளும்போது, உண்ண வருவோருக்கு அது என்ன வாக்குக் கொடுக்கிறது? எளியதாகத் தோன்றும் இவ்வினாவுக்குள் அறச்சிக்கல் ஒன்று அடங்கியிருக்கிறது.

விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவை எடுத்துக்கொள்வோம். கல்லில் எண்ணெயைத் தேக்கி, மொறுமொறுவெனப் பொரித்தெடுத்து, சால்னா ஊற்றி உண்ணும் இப்பண்டம் அம்மாவட்டத்தின் பெயரைத் தாங்கிச் சென்னை வரை சென்றுள்ளது. ஆனால் அதன் மாவோ மைதா. அதற்குரிய கோதுமை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரக் கரிசலில் விளைவதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பி வாழும் அம்மானாவாரி நிலம் காலங்காலமாகத் தந்தவை கம்பும் சோளமும் குதிரைவாலியுமே. சால்னாவுக்குக் காரமூட்டும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றி, போர்த்துக்கீசியர் வழியே இங்கு வந்ததாகும். அவ்வாறாயின், 'அசல்' என்று எதனைச் சொல்வது?

இத்தாலியிலும் இதே கதைதான். நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாக் கலையை 2017இல் யுனெஸ்கோ மானுடத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அப்பீட்சாவின் மேல் பூசப்படும் தக்காளி, 1492க்குப் பின்னர் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த பொருள். நம் இராமநாதபுரம் முண்டு மிளகாயும் 2023இல் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. வந்த பொருளைத் தலைமுறை தலைமுறையாகப் பேணித் தமதாக்கிக்கொண்ட கைகளுக்கே ஊர்ப்பெயர் உரியது என்பதனை உலகமும் சட்டமும் ஒப்புகின்றன.

எனவே, அப்பெயரைப் பயன்படுத்தும் கடைக்காரர் அக்கைப்பக்குவத்துக்குக் கடன்பட்டவர். பக்குவத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் விற்பாராயின், பணம் கொடுத்தவர் ஒருவேளை உணவில் ஏமாறுகிறார். பெயரைத் தேடித் தந்த ஊராரோ தம் உழைப்பின் மதிப்பையே இழக்கிறார்கள். வந்து கேட்க முடியாத தொலைவில் இருப்போருக்கு இழைக்கும் தீங்கு இது.

உண்பவருக்கும் கடமையுண்டு. இன்று நகரத்து விடுதிகளில் மண்கலயத்தில் கம்பங்கூழ் விற்கிறார்கள். அதனைச் சுவைத்துவிட்டு, 'கிராமத்தார் தம் பழைய உணவைக் கைவிட்டார்களே' என வருந்துவோர் உளர். கரிசல் வீடுகளில் நியாயவிலைக் கடை அரிசி அன்றாட உணவாகிப் பல்லாண்டுகள் ஆயின. கம்பை உரலில் இட்டுக் குத்தி, புடைத்து, மீண்டும் இடித்துக் கூழாக்கிய பெண்ணின் தோள் நோவை அவ்விடுதியின் மேசை அறியாது. அவள் அரிசிக்கு மாறியதில் மரபுத் துரோகம் ஏதுமில்லை. அவளுக்குச் சற்றே ஓய்வு கிடைத்தது. நம் நாவின் ஆசைக்காக அவள் மீண்டும் உரலடிக்குத் திரும்ப வேண்டுமென எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

அசலான உணவைத் தேடுவதில் தவறில்லை. விற்பவரிடம் உண்மையைக் கேட்போம். நல்ல பக்குவத்துக்கு நல்ல விலை கொடுப்போம். அந்த ஊர் மக்கள் இன்று எதனை உண்ண வேண்டும் என்பதை அவர்களே முடிவு செய்துகொள்ளட்டும்.