பாங்கும் ஒலிபெருக்கியும்

2007 நவம்பரில், வெலிகம பள்ளிவாசலொன்றின் ஒலிபெருக்கி வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவாக ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என உயர் நீதிமன்றம் பணித்தது. எல்லா மதத்தவருக்குமான விதி அது. ஆயினும் சுபஹ் பாங்குக்கே அடி விழுந்ததாக நம்மில் பலர் கொதித்தோம்.

பிலால் (ரலி) வீட்டுக் கூரைமேல் ஏறி நின்றே பாங்கு சொன்னார். பாங்கு மார்க்கம், ஒலிபெருக்கி வெறும் கருவி. பாங்கு சில நிமிடம்தான். அதன் பின் அதே குழாயில் ஒரு மணி நேரம் பயான் முழங்கினால், சுவருக்கு அப்பால் காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் உறக்கத்துக்கு யார் பொறுப்பு? அயலவரின் ஹக்கும் மார்க்கம்தானே?

விகாரையின் பிரித் நம் பிள்ளையை எழுப்பும்போது நாம் கேட்கும் நியாயம், நமது குழாய்க்கும் பொருந்த வேண்டும். ஓசையைக் குறைக்கப் பொலிஸ் வரவேண்டியதில்லை, ஈமான் போதும்.